வாளிக் கணக்கு: வேளச்சேரி அடுக்ககக் குழுவில் ஒரு காலை

ராகவன் சார்: காலை வணக்கம் 🌹 துன்பம் வரும்போதுதான் மனிதனின் உண்மையான குணம் தெரியும்.

மீனாட்சி மாமி: எந்தத் துன்பத்தில் சார்? 2015 டிசம்பர் வெள்ளத்திலா, 2019 கோடைத் தண்ணீர்ப் பஞ்சத்திலா? இரண்டிலும் இதே ஆட்கள்தான் இருந்தோம். குணம் மட்டும் வேற வேற.

கார்த்திக்: மாமி, நான் இங்கே குடிவந்ததே 2024-ல். கொஞ்சம் சொல்லுங்களேன்.

மீனாட்சி மாமி: 2015-ல் தரைத்தளம் முழுகிப்போச்சு. கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. மொட்டை மாடியில் ஒரே அடுப்பு, எல்லார் வீட்டு அரிசியும் பருப்பும் ஒரே அண்டாவில். யார் வீட்டு சிலிண்டர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. செல்வி வீட்டார் எங்கள் ஹாலில்தான் படுத்திருந்தார்கள்.

செல்வி: சாம்பாரில் உப்புதான் கொஞ்சம் தூக்கல். அப்போது சொல்ல மனசு வரவில்லை மாமி.

மீனாட்சி மாமி: இப்போ வருதாக்கும்!

பாத்திமா: 2019 நேர் எதிர். சென்னைக்குத் தண்ணீர் தரும் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வறண்டு வெடித்துக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நம் சம்ப்புக்கு லாரி வந்தால் ஒருவர் நோட்டும் பேனாவுமாக வந்து நிற்பார்.

ராகவன் சார்: அது நான்தான் என்று நேராகவே சொல்லலாம். செயலாளர் கணக்கு எழுதாமல் வேறு யார் எழுதுவது?

பாத்திமா: எழுதுங்கள் சார், வேண்டாம் என்று யார் சொன்னது? என் மாமியார் ஊரிலிருந்து வந்தபோது, "விருந்தாளிக்குத் தனி வாளி கிடையாது" என்று கூட்டத்தில் சொன்னீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

தாமஸ்: வெள்ளத்தில் எல்லாருக்கும் போச்சு, ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. 2019-ல் ஆளுக்கு ரெண்டு வாளியாவது இருந்தது. அப்புறம் அடுத்தவன் வாளியை எட்டிப் பார்க்காமல் இருப்போமா?

கார்த்திக்: 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே மேம்பாலத்தில் வரிசையாகக் காரை ஏற்றி நிறுத்தினார்களே, அது எந்தக் கணக்கு அண்ணா?

மீனாட்சி மாமி: அது மழைக்கு முந்தின குணம். முதலில் என் கார், என் பால் பாக்கெட், என் மெழுகுவத்தி. தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டால் அதே ஆள் நம் வீட்டுக்கும் பால் வாங்கி வந்து கதவைத் தட்டுவான். இந்தத் தாமஸையே எடுத்துக்கோ. வெள்ளத்தில் புது ஃபிரிட்ஜ் போனதற்குக் கலங்கவில்லை. 2019-ல் ஒரு சொம்புத் தண்ணீருக்கு என்னோடு பேச்சை நிறுத்தினான்.

தாமஸ்: நீங்கள் வாசல் தெளித்தீர்கள் மாமி! அந்தப் பஞ்சத்தில்!

மீனாட்சி மாமி: வெள்ளிக்கிழமை ஆச்சே. ஒரே ஒரு சொம்பு.

தாமஸ்: சொம்பு இல்லை, சின்னக் குடம். பித்தளை. பால்கனியிலிருந்து பார்த்தேன்.

கார்த்திக்: அண்ணா, உலோகம்கூட ஞாபகம் இருக்கா 😂

செல்வி: கார்த்திக், 2015-ல் இடுப்பளவு தண்ணீரில் எங்கள் பாட்டியைத் தோளில் தூக்கி வந்தாரே, அது ஞாபகம் இருக்கா என்று கேளுங்கள்.

தாமஸ்: உன் பாட்டியா? பின் தெரு ஆள் யாரோ என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன்.

செல்வி: பாட்டி உங்களை மறக்கவே இல்லை அண்ணா. இறக்கிவிடும்போது "நல்ல வெயிட்டு" என்றீர்களாம். இன்றைக்கும் அதைச் சொல்லித் திட்டுகிறார்.