47 வயதில் ஒழுங்கற்ற மாதவிடாய்: அனுபவமுள்ளோரின் ஆலோசனை வேண்டும்

வணக்கம். கோண்டாவிலில் வசிக்கும் எனக்கு வயது 47. கடந்த 14 மாதங்களாக மாதவிடாய் ஒருமுறை 19 நாட்களிலும் அடுத்தமுறை 70 நாட்கள் கழித்தும் வருகிறது. வந்தால் 10 நாட்களுக்கு மேல் நீடித்து, முதல் மூன்று நாட்களும் கட்டிகட்டியாகப் போவதால் வகுப்பில் நின்று கற்பிக்க முடிவதில்லை. இரவில் உடல் கொதித்து வியர்ப்பதால் நித்திரையும் இல்லை.

ஆச்சி சொல்லித்தந்தபடி உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் எடுத்தேன். தெம்பு தந்ததே தவிர இரத்தப்போக்கு குறையவில்லை. ஈமோகுளோபின் 9.2 என்று வந்ததால், இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் சேர்க்காமல் தோடம்பழச் சாற்றுடன் நான்கு மாதங்கள் எடுத்தேன், இப்போது 10.8. தைரொயிட் பரிசோதனை, ஸ்கான், கருப்பை உட்சுவர்ப் பரிசோதனை எதிலும் குறை தெரியவில்லை. நொரெதிஸ்டெரோன் என்ற ஓமோன் மாத்திரை எடுத்த காலத்தில் நின்றிருந்த போக்கு, நிறுத்தியதும் திரும்பிவிட்டது. வயது போனால் இப்படித்தான் என்று பலர் சொல்கிறார்கள். இவ்வளவு இரத்தம் இழப்பதைப் பொறுத்துக்கொள்வது சரியென்று நான் நினைக்கவில்லை.

பெண்ணோயியல் வைத்திய நிபுணர் இப்போது கருப்பைக்குள் வைக்கும், ஓமோன் சுரக்கும் சிறு சாதனமான ஓமோன் லூப்பைப் பரிந்துரைத்து, முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் சொட்டுச்சொட்டாகப் படுவது வழமை என்றும் விளக்கினார்.

45 வயதுக்குப் பின் ஓமோன் லூப் வைத்துக்கொண்ட சகோதரிகளே, உங்களுக்கு இரத்தப்போக்கு கட்டுப்பட எத்தனை மாதங்கள் எடுத்தன?