நார்வேயில் பழைய ஐ3 வாங்கப் போகிறீர்களா? பனியும் குழியும் பற்றி

ஓஸ்லோவுக்குப் புதிதாக வந்து, குறைந்த விலையில் பழைய மின்சாரக் கார் தேடுகிறவர்கள் கண்ணில் பிஎம்டபிள்யூ ஐ3 கட்டாயம் படும். பெட்டி போன்ற உயரமான உருவம், எதிர்த்திசையில் திறக்கும் பின்கதவு, ஒல்லியான டயர். "இதைப் பனியில் ஓட்ட முடியுமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 33 கிலோவாட் மணி பேட்டரி உள்ள ஐ3-யில் ஐந்து குளிர்காலம் ஓட்டிவிட்டேன். முடியும்.

டயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அகலம் 155 மில்லிமீட்டர்தான், ரிம் 19 அங்குலம். காரின் எடை குறுகலான இடத்தில் அழுந்துவதால், பாதி உருகிக் கொழகொழவென்று கிடக்கும் பனியை வெட்டிக்கொண்டு தார்ச்சாலையைத் தொட்டுவிடும். அகல டயர் அதன்மேல் மிதக்கப் பார்க்கும். மோட்டாரும் பின்பக்கமே இருப்பதால் பின்சக்கரங்களுக்குப் பிடிப்பு கிடைக்கிறது, மேடு ஏறிவிடும். கண்ணாடி போல உறைந்த இடத்தில் மட்டும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்காதீர்கள். காலை எடுத்தாலே மோட்டார் காரைப் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைக்கும். அந்தப் பிரேக் பின்சக்கரத்தில் மட்டுமே விழும், வால் இழுக்கும்.

எனக்குக் கவலை தந்தது குழிகள்தான். மண்ணுக்குள் உறைந்த நீர் சாலையைத் தூக்கி, வசந்தத்தில் உருகும்போது அப்படியே உடைத்துவிடும். ஒரு ஏப்ரல் மாதம் அப்படி ஒரு குழியின் விளிம்பில் இடித்து டயரின் பக்கச்சுவர் கிழிந்தது. இந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது. அதற்குப் பதிலாக இருக்கும் பசையும் பம்பும் பக்கச்சுவர்க் கிழிசலுக்கு உதவாது. இழுவை வண்டிதான் வந்தது. அப்புறம் அந்த அளவு டயர் கடையில் இல்லை, நான்கு நாள் பேருந்தில் போனேன். அதனால்தான் சொல்கிறேன், 20 அங்குல ரிம் போட்ட காரை விட்டுவிடுங்கள். அதில் பக்கச்சுவர் இன்னும் குட்டை.

சாலையில் கொட்டும் உப்பு இதன் கார்பன் ஃபைபர் கூட்டை அரிக்காது, அது பெரிய நிம்மதி. ஆனால் பிரேக்கை அதிகம் மிதிக்காமலே ஓட்டுவதால் டிஸ்க்கில் துரு ஏறும், கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் ஈயூ சோதனையில் மாட்டும். வாரம் ஒருமுறையாவது பிரேக்கை நன்றாக அழுத்திப் பிடியுங்கள்.

கோடையில் 190 கிலோமீட்டர் போகும் என் கார், மைனஸ் 10-இல் 130-ஐத் தாண்டியதில்லை. கிளம்பும் நேரத்தைக் காரில் பதிந்து, சார்ஜரில் இருக்கும்போதே சூடாக்கிவிடுங்கள். 2013-இல் வந்த 22 கிலோவாட் மணி மாடல் ஊருக்குள் மட்டும் சுற்றுகிறவர்களுக்குச் சரி.

விலை பேசும்போது குளிர்கால டயர் ஒரு செட் ரிம்மோடு சேர்த்துக் கேளுங்கள். இங்கே குளிர்காலத்தில் டயர்ப் பள்ளத்தின் ஆழம் 3 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, அளந்து பாருங்கள். பனிக்கட்டியில் பிடிக்க உலோக ஆணி பதித்த டயருக்கு ஓஸ்லோவில் தனிக் கட்டணம் உண்டு, நகரத்துக்கு ஆணியில்லாததே எனக்குப் போதுமாக இருந்தது. டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும், முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அதையும் குனிந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.