ஆக்சஸ் பதிவுப் படிவத்தை டெம்ப்வார்ஸ் கொண்டு வடிகட்டுதல்: 'எல்லாக் கிளையும்' தேர்வுக்கு வழி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ரசீது பதிவுப் படிவம், ஆக்சஸ் 2016 (மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருள்). உள்நுழையும்போது கிளை எண் டெம்ப்வார்ஸில் (ஆக்சஸின் தற்காலிக மாறிகள்) சேமிக்கப்படுகிறது. படிவத்தின் மூல வினவலில், கிளை எண் புலத்தின் நிபந்தனை: [டெம்ப்வார்ஸ்]![கிளைஎண்]. காம்போ பாக்ஸில் கிளையை மாற்றினால் புதிய மதிப்பை இட்டு ரீகொயரி செய்கிறோம், அதாவது வினவலை மீண்டும் இயக்குகிறோம்.

ஏற்கெனவே சரிசெய்தவை: காம்போவை அப்படியே கொடுத்தால் எர்ரர் 32538 வரும், ஏனெனில் டெம்ப்வார்ஸ் ஆப்ஜெக்டை ஏற்காது. கடைசியில் .வேல்யூ சேர்த்தாயிற்று. அதே வினவலை விபிஏ நிரலில் ஓப்பன்ரெக்கார்ட்செட் மூலம் திறந்தால் எர்ரர் 3061 (பாராமீட்டர் மதிப்பு போதவில்லை) வரும். அங்கே பாராமீட்டர் மதிப்பைத் தனியாகக் கொடுக்கிறோம். வடிகட்டி புதிய வரியில் கிளை எண்ணை நிரப்பாது என்பதால், டிஃபால்ட் வேல்யூவிலும் அதே மாறியை வைத்திருக்கிறோம்.

சிக்கல் இதுதான். 'எல்லாக் கிளையும்' தேர்ந்தால் மாறியை நீக்கிவிடுகிறோம். நிபந்தனையோடு 'அல்லது [டெம்ப்வார்ஸ்]![கிளைஎண்] இஸ் நல்' (மாறியில் மதிப்பு இல்லை) சேர்த்ததால் எல்லா ரசீதும் தெரிகிறது. ஆனால் அந்த நிலையில் போடும் புது ரசீது கிளை எண் இல்லாமல் சேமிக்கப்பட்டு, அடுத்து எந்தக் கிளையைத் தேர்ந்தாலும் கண்ணில் படுவதில்லை. கணக்கில் இது மோசமான ஓட்டை. கிளை எண் புலத்தை ரிக்கொயர்டு (கட்டாயம்) ஆக்கினால் சேமிப்பு தடைபடும், சரி. ஆனால் பதிவு செய்பவருக்குக் காரணம் புரியாது.

பார்ப்பதற்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று என இரண்டு மாறிகள் வைப்பதா? அல்லது அந்தத் தேர்வின்போது அலவ் அடிஷன்ஸை (புது வரி சேர்க்கும் அனுமதி) நோ ஆக்குவதா? என் சாய்வு முதல் வழிக்கு. அட்டவணைகள் எஸ்கியூஎல் சர்வரில் இணைப்பாக உள்ளன. சர்வருக்கு நேரடியாக அனுப்பும் பாஸ்-த்ரூ வினவலில் திருத்த முடியாது என்பதால் அது உதவாது. இந்த 'அல்லது' நிபந்தனை சர்வரிலேயே வடிகட்டப்படுகிறதா என்று சோதித்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.