காயல்பட்டினத்து முடுக்கு

2012 மே மாதம். கல்லூரித் தோழியின் தங்கைக்குக் கல்யாணம் என்று, திருச்செந்தூருக்குப் பக்கத்தில் கடலோரத்தில் முஸ்லிம்கள் நிறைந்து வாழும் காயல்பட்டினம் போயிருந்தேன். பாளையங்கோட்டையில் திருச்செந்தூர் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. இத்தனை பக்கத்தில் இருந்தும் அதுவரை அந்த ஊருக்குள் கால் வைத்ததில்லை.

முதல் நாள் மதியம் தோழி ஒரு தட்டில் வட்டிலப்பம் என்கிற இனிப்பை எடுத்து மூடிக்கொண்டு, "செருப்பை மாட்டு, சாச்சி ஊட்டுக்குப் போய்ட்டு வந்துருவோம்" என்றாள். சாச்சி என்றால் சின்னம்மா. நான் வாசல் பக்கம் நடந்தேன். அவள் அடுப்படியைத் தாண்டிப் பின்கதவைத் திறந்தாள்.

அப்படித்தான் முடுக்கைப் பார்த்தேன். இரண்டு வரிசை வீடுகளின் முதுகுகளுக்கு நடுவே ஒரு நடை. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒருக்களித்து நிற்க வேண்டும். உப்புக்காற்றில் சுவர்ச் சுண்ணாம்பு பொரிந்து போய், என் தோள் உரசிய இடமெல்லாம் மாவாக ஒட்டியது. நல்ல வெயில் நேரம், ஆனாலும் தரை சில்லென்றிருந்தது. வரிசையாகப் பின்கதவுகள், எல்லாம் திறந்தே கிடந்தன. ஒரு கதவுக்குள் யாரோ இடிக்கிற சத்தம், அடுத்ததில் தேங்காய்ப்பால் வாசனை.

பாதி வழியில் ஒரு பெரியம்மா நிலைப்படியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்து, "எந்த ஊட்டுக்கு மா வந்திருக்கே?" என்றார். தோழி சொன்னதும் என் கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்துவிட்டார். சாச்சி வீட்டுக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் மூன்று வீட்டில் தேநீர்.

திரும்பி வரும்போது முடுக்கின் முனையில் ஓர் ஆண் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. தோளில் அரிசி மூட்டை. நாங்கள் கடந்து போகும்வரை அந்தப் பக்கம் திரும்பியே நின்றார். இது பெண்கள் நடக்கிற வழி. ஆண்களுக்குத் தெரு இருக்கிறது.

ஒதுக்கி வைக்கப்பட்ட சந்து என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. தோழியின் உம்மா பேசப் பேசத்தான் புரிந்தது. அந்த ஊரில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடும் பெண்ணுக்கே. அக்காவுக்கு ஒரு வீடு, தங்கைக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. ஆண்கள் இலங்கைக்கும் ஹாங்காங்குக்கும் வியாபாரத்துக்குப் போய் வருடக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். ஊரில் தங்கியவர்கள் பெண்கள். அப்படியானால் அந்த முடுக்கில் எந்தக் கதவைத் தட்டினாலும் உடன்பிறந்தவள், உம்மாவின் தங்கை, அவள் மகள். எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண் தாய்வீடு போக நாள் பார்த்துப் பஸ் ஏறுகிறாள். என் அம்மா அப்படித்தான் போனாள், வருடத்துக்கு இரண்டு முறை. இங்கே கையில் கரண்டியோடு போய்த் திரும்புகிறார்கள்.

மார்க்கோ போலோ தன் பயணக் குறிப்பில் சொன்ன 'காயல்' என்ற ஊர், பக்கத்திலிருக்கும் பழையகாயல்தான் என்று கால்டுவெல் கருதினார். முத்தும் குதிரையும் இறங்கிய துறைமுகம் என்று இந்தக் கரையைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறோம். இந்தப் பின்கதவுகளைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை என்பதில் வருத்தம் உண்டு.

போன வருடம் தோழியின் மகள் கல்யாணப் பேச்சுக்கு மறுபடி போனேன். பழைய வீடுகள் சில இடிபட்டு மாடி எழும்பியிருந்தன. அவர்கள் முடுக்கில் இறால் உரித்த பெரியம்மாவின் நிலைப்படி இல்லை. அந்த இடத்தில் வெள்ளையடித்த புதுச்சுவர், வழி அங்கேயே நின்றுவிட்டது. கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளைகள் பெருகினால் வீடும் பெருகத்தான் வேண்டும். ஆனாலும் அந்தச் சுவரைப் பார்த்தபோது நெஞ்சு கனத்துப் போனது.

மதியம் தோழி அதே மாதிரி தட்டை மூடினாள். அடுப்படிப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டு நின்றாள். பிறகு தட்டை மேசையில் வைத்து, ஆணியில் தொங்கிய பர்தாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, வாசல் வழியாகக் கிளம்பினாள். சாச்சி வீடு தெரு சுற்றிப் போனால் நான்கு நிமிடம்.