ஸ்பூலுக்குள் புதையும் பிரெய்டு லைன்: எதற்கு மாறுவது?

டெக்சாஸ் லேக் ஃபோர்க் ஏரியில் லார்ஜ்மவுத் பாஸ் மீன் பிடிக்க பெய்ட்காஸ்டர் (வீசும்போது ஸ்பூல், அதாவது நூல் சுற்றும் உருளை, தானே சுழலும் தூண்டில் ரீல்). தூண்டிலை வலுவாகச் சுண்டி மீனை இழுத்த பின், அடுத்த வீச்சு பாதியிலேயே நின்றுவிடுகிறது. 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் தூண்டில் நூல்) தன் அடிச்சுற்றுகளுக்குள்ளேயே புதைந்துகொள்கிறது, உடனே பேக்லாஷ் (ஸ்பூலில் நூல் சிக்கல்). கோடை தொடங்கியதிலிருந்து இதே தொல்லை.

ராடு 7 அடி மீடியம் ஹெவி, ரீல் கியர் விகிதம் 7.1:1, காந்த பிரேக், 3/8 அவுன்ஸ் டெக்சாஸ் ரிக் (கொக்கி முனையை மென்புழுவுக்குள் மறைத்து எடைக் குண்டுடன் கட்டுவது).

பிரெய்டுக்கு அடியில் மோனோ (ஒற்றை இழை நைலான் நூல்) சுற்றியாயிற்று. ஈரத்துணியால் பிடித்து இறுக்கமாக மறுபடி சுற்றியும் பார்த்தேன். பிரேக்கைக் கூட்டியதில் தூரம்தான் குறைந்தது. லைன் மெல்லியது என்பதே காரணமாகப் படுகிறது. 30 பவுண்டு பிரெய்டு ஏறத்தாழ 8 பவுண்டு மோனோ தடிமன்தான்.

ஏரிக்குள் பட்டமரங்கள் நிறைய. பிரெய்டு மரத்தை அறுத்து உள்ளே சிக்கும், ஆனால் ஹைட்ரில்லா பாசியை வெட்டிக்கொண்டு வர அதுதான் தோது.

50 பவுண்டு பிரெய்டா, 15 பவுண்டு ஃப்ளோரோகார்பனா (இன்னொரு ஒற்றை இழை நூல்), இந்த ரீலில் எதைச் சுற்றலாம்?