3 கேவிஏ ஜெனரேட்டரில் ஒன்றரை எச்பி போர் மோட்டார் எடுக்கவில்லை, என்ன செய்யலாம்?

கீழத்தெரு:
பட்டுக்கோட்டை பக்கம் கிராமம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. போரில் தண்ணீர் கிடக்கிறது, மேலே ஏற்ற வழியில்லை, அம்மா குடத்தோடு அடிபம்புக்கு நடந்தார். அதனால் இந்தத் தடவை ஐப்பசி பிறக்கும் முன்பே 3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கிவிட்டேன். லைட், ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடுகிறது, மோட்டார் மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறது. போர் 180 அடி, ஒன்றரை எச்பி சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள். பட்டனை அழுத்தினால் ஜெனரேட்டர் முக்குகிறது, பல்பு மங்குகிறது, மோட்டார் முனகிவிட்டு டிரிப் ஆகிறது. ஈபியில் இதே மோட்டார் ஒழுங்காக ஓடுகிறது. விற்ற கடைக்காரர் "ஒன்றரை எச்பி என்றால் 1,100 வாட்தானே, தாராளமாக ஓடும்" என்றார்.

காயில்கட்டி:
தம்பி, அவர் சொன்னது மோட்டார் வெளியே தருகிற சக்தி. உள்ளே இழுப்பது அதைவிட அதிகம். ஓடும்போது 9, 10 ஆம்பியர் இழுக்கும், எடுக்கும் அந்த ஒரு நொடியில் 40 வரை போகும். உங்கள் ஜெனரேட்டர் தருவதே 13 ஆம்பியர்தான். ஒன்றரை எச்பிக்கு 5 கேவிஏ வேண்டும். அதற்காக உடனே கடைக்கு ஓடாதீர்கள். ஜெனரேட்டருக்கும் ஸ்டார்டர் பெட்டிக்கும் எவ்வளவு தூரம், என்ன ஒயர்? மோட்டார் சுற்ற ஆரம்பிக்க உதவும் கண்டன்சரை (கெப்பாசிட்டர்) மாற்றி எத்தனை வருஷம்?

கீழத்தெரு:
முப்பது மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் அண்ணே, 1.5 ஸ்கொயர் எம்எம், பாதி இன்னும் சக்கரத்தில் சுற்றியே இருக்கிறது. கண்டன்சர் மோட்டார் வாங்கியபோது வந்ததுதான். ஜெனரேட்டரை வீட்டோடு சேர்க்க இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரை ஹால் பிளக் பாயின்டில் சொருகுகிறேன்.

காயில்கட்டி:
போக வர 60 மீட்டர் செம்பு. அந்த ஒயரில் 40 ஆம்பியர் போனால் கிட்டத்தட்ட 30 வோல்ட் வழியிலேயே தின்றுவிடும். 4 ஸ்கொயர் எம்எம் போட்டால் 11 வோல்டோடு போகும். எந்த ஒயராக இருந்தாலும் முழுசாகப் பிரித்துப் போடுங்கள், சுற்றிய நிலையில் சூடேறி உருகிவிடும். கண்டன்சரைக் கழற்றி மீட்டரில் வைத்துப் பாருங்கள். ஈபியில் கரண்ட் தாராளமாகக் கிடைப்பதால் வலு குறைந்த கண்டன்சரோடும் தள்ளிக்கொண்டு ஓடும், ஜெனரேட்டரில்தான் குட்டு வெளிப்படும்.

ஒயர்மேன் மகன்:
மோட்டாரை விடுங்கள், முதலில் அந்த இரட்டை பிளக் ஒயரை வெட்டிப் போடுங்கள். மெயினை ஆஃப் செய்ய ஒருநாள் மறந்தால் உங்கள் 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்டாக லைனில் போகும். செத்த லைன் என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிறவர் யாராவது வீட்டுப் பிள்ளை. ஈபி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்க்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரும் முற்றத்திலோ திண்ணையிலோ வேண்டாம். புகை வீட்டுக்குள் தேங்கினால் தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

இரண்டு மாடு:
புயல் நாளில் 180 அடியிலிருந்து தண்ணீர் எடுத்தே தீர வேண்டுமா? நாங்கள் கொல்லையில் 3,000 லிட்டருக்குத் தரைத்தொட்டி கட்டி, மழை அறிவிப்பு வந்த அன்றே போரை ஓட்டி நிரப்பி விடுகிறோம். அதிலிருந்து மாடித் தொட்டிக்கு அரை எச்பி மோட்டார். அதற்கு 3 கேவிஏ மிகத் தாராளம். கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று ஜல் ஜீவன் திட்டத்தில் கணக்கு வைத்திருக்கிறார்கள், ஐந்து பேருக்கு 275. கறவை மாடு ஒன்று 50, 60 லிட்டர் குடிக்கும், அதை மறந்துவிடாதீர்கள், நாங்கள் மறந்து முதல் வருஷம் திண்டாடினோம். பெட்ரோலும் கையிருப்பு முக்கியம், கஜாவுக்கு அப்புறம் பங்க்கிலும் கரண்ட் இல்லாமல்தானே நின்றோம்.

கீழத்தெரு:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். ரன்னிங் கண்டன்சரில் 36 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கிறது, மீட்டர் 22 காட்டியது. மாற்றினேன், 4 ஸ்கொயர் எம்எம் ஒயரும் போட்டேன். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் போட்டால் எடுக்கிறது, ஆனால் வோல்ட் மீட்டர் முள் அந்த நொடி 150க்கு விழுந்து எழுகிறது.

காயில்கட்டி:
அப்படியே தினமும் ஓட்டினால் காயில் எரிந்து மோட்டார் என்னிடம்தான் வரும். அவசரத்துக்கு மட்டும்.

கீழத்தெரு:
சரி அண்ணே. சேஞ்ச்ஓவர் நாளைக்கு மாட்டுகிறார்கள். தரைத்தொட்டிக்குக் கொத்தனார் வந்து அளந்துவிட்டுப் போனார். எங்களுக்கு ஒரு மாடுதான், 2,000 லிட்டர் போதுமா?

இரண்டு மாடு:
ஐந்து பேர், ஒரு மாடு என்றால் ஆறு நாள் வரும். கன்று போட்டால் வந்து கேளுங்கள்.