எம்டி0 ஏறவில்லை

மாமா: ராத்திரி காற்றில் எங்கோ மரம் சாய்ந்து கம்பி அறுந்துவிட்டது, கரண்ட் விடிந்துதான் வந்தது. கம்ப்யூட்டர் ஓடுகிறது, ஆனால் போட்டோ வைத்திருக்கும் ரெய்டு, அதாவது இரண்டு டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் எம்டி0, அது மட்டும் ஏறவில்லை. மாப்பிள்ளை, இருக்கிறாயா?

அத்தை: 2018 குறிஞ்சிப் படமெல்லாம் அதில்தான். போனால் இனி 2030க்குத்தான் பூ.

அக்கா: தாத்தா கோக்கர்ஸ் வாக்கில் ஸ்வெட்டரோடு நிற்கிற படமும் அதில்தானே?

அண்ணன்: இருக்கிறேன் மாமா. நெட்டில் பார்த்து எதையும் அடிக்காதீர்கள், முக்கியமாக எம்டிஆட்ம் என்ற ரெய்டு கட்டளையில் --கிரியேட் வேண்டவே வேண்டாம், அது புது அரே (டிஸ்க் தொகுப்பு) போடுவதற்கு, பழைய அரேயின் விவரத்தையே மாற்றி எழுதிவிடும். நமக்கு வேண்டியது இருக்கிற அரேயை மறுபடி கூட்டி ஓட்டும் --அசெம்பிள். முதலில் ரெய்டின் நிலையைக் காட்டும் கேட் /ப்ராக்/எம்டிஸ்டாட் அடித்து, வருவதை அப்படியே போடுங்கள்.

மாமா: எம்டி0 : இன்ஆக்டிவ் எஸ்டிபி1[0](எஸ்)

அண்ணன்: எஸ்டிபி1 என்ற டிஸ்க் மட்டும் தெரிகிறது, இன்னொன்றான எஸ்டிசி1 காணோம். இது ரெய்டு 1, இரண்டு டிஸ்க்கிலும் ஒரே படங்கள்தான், ஒன்று கிடைத்தாலே போதும், பயப்படாதீர்கள் அத்தை. போன தடவை இரண்டு இருந்தது, இப்போது ஒன்றுதான் தெரிகிறது என்பதால் தானாக ஆரம்பிக்காமல் நிற்கிறது. எம்டிஆட்ம் --எக்ஸாமின் /டெவ்/எஸ்டிபி1 போட்டு, அப்டேட் டைம், அதாவது அரேயின் விவரம் அதில் கடைசியாகப் பதிந்த நேரம், என்னவென்று பாருங்கள்.

மாமா: நேற்று ராத்திரி 11.40

அண்ணன்: அப்படியென்றால் இந்த டிஸ்க் கடைசிவரை ஓடியிருக்கிறது, நம்பலாம். வரிசையாக அடியுங்கள்:
சூடோ எம்டிஆட்ம் --ஸ்டாப் /டெவ்/எம்டி0
சூடோ எம்டிஆட்ம் --அசெம்பிள் --ரன் /டெவ்/எம்டி0 /டெவ்/எஸ்டிபி1
சூடோ மவுண்ட் -ஓ ஆர்ஓ /டெவ்/எம்டி0 /எம்என்டி
அந்த ஆர்ஓவை விட்டுவிடாதீர்கள், இப்போதைக்குப் படிக்க மட்டும்தான்.

மாமா: ‘ஸ்டார்ட்டட் வித் 1 டிரைவ் (அவுட் ஆஃப் 2)’ என்று வந்தது. குறிஞ்சி ஃபோல்டர் தெரிகிறது!!

அத்தை: குறிஞ்சி ஆண்டவரே 🙏

அண்ணன்: இன்னும் முடியவில்லை. எம்டிஸ்டாட்டில் [யூ_] என்று இருக்கும், யூ என்றால் ஓடும் டிஸ்க், கோடு என்றால் காணாத டிஸ்க், அந்தக் கோடு இருக்கும்வரை ஒற்றைக் காலில்தான் நிற்கிறது. முதல் வேலையாக எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். ரெய்டு இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது மாமா, தப்பாக ஒரு படத்தை அழித்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் போய்விடும். அப்புறம் ஷட்டவுன் பண்ணி, காணாமல் போன டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். பெயர் மாறியிருக்கலாம், டிஸ்க் பட்டியலைக் காட்டும் எல்எஸ்பிஎல்கே அடித்துப் பார்த்துவிட்டுத்தான், அதை அரேயில் மறுபடி சேர்க்கும் --ஆட் போட வேண்டும்.

மாமா: காப்பி முடிந்தது. கேபிள் லூசாகத்தான் இருந்தது. எஸ்டிசி1 வந்துவிட்டது, --ஆட் போட்டேன், ரெகவரி 3.1% காட்டுகிறது.

அண்ணன்: சரி, அது பாட்டுக்கு ஓடட்டும். நடுவில் கரண்ட் போனாலும் பதறாதீர்கள், காப்பி கையில் இருக்கிறது. [யூயூ] என்று வந்ததும் இங்கே போடுங்கள்.